கினிப்பன்றி மூலையில் சுருண்டு உட்கார்ந்தால்: எதைப் பார்ப்பது, எவ்வளவு நேரம் பொறுக்கலாம்?

வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் மகள் ஆசையாக வளர்க்கும் இரண்டு கினிப்பன்றிகள். மூத்தது நேற்று முதல் ரோமத்தைச் சிலிர்த்துக்கொண்டு மூலையிலேயே உட்கார்ந்திருக்கிறது. வெள்ளரிக்காயை மட்டும் கொஞ்சம் கடித்தது, தீவனக் குச்சிகளைத் தொடவில்லை, தூக்கினால் கீச்சிடுகிறது. வாங்கிய கடையில் கேட்டதற்கு, வெயிலில் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி, மருந்துக் கடையில் அமாக்சிசிலின் வாங்கிக் கால் மாத்திரை கரைத்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். இன்று சனிக்கிழமை, திங்கட்கிழமைதான் மருத்துவரிடம் போக முடியும். கினிப்பன்றிக்கு நோய் வந்தால் என்னென்ன அறிகுறிகள் தெரியும் என்பது நீங்கள் எழுதிய கேள்வி. அதற்குள் இருப்பவை வேறு இரண்டு கேள்விகள்: இது நோய்தானா, திங்கள்வரை பொறுக்கலாமா? அவற்றுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நோய்தான். திங்கள்வரை பொறுக்கக் கூடாது. அந்த மாத்திரையைக் கொடுக்கவே கூடாது.

இதைச் சொல்ல நான் யார் என்பதையும் சொல்ல வேண்டும். வட ஆர்க்காடு ஒரே மாவட்டமாக இருந்த நாளிலேயே, ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தின் விலங்குக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஓய்வுபெறும்வரை முயல்களையும் வெள்ளெலிகளையும் கினிப்பன்றிகளையும் பராமரித்தவன். நான் கால்நடை மருத்துவர் இல்லை. நோயின் பெயரைச் சொல்லி மருந்து எழுதுவது மருத்துவரின் வேலை. நாளை எந்த விலங்கு படுக்கப்போகிறது என்பதை இன்றே கண்டு அவரிடம் சொல்வது எங்கள் வேலை. அந்த இரண்டாவது வேலையைப் பற்றித்தான் என்னால் உறுதியாகப் பேச முடியும். நீங்களும் வீட்டில் செய்ய வேண்டியது அதைத்தான்.

முதலில் மாத்திரை. கினிப்பன்றி தின்கிற புல்லைச் செரிக்கவைப்பது அதன் பெருங்குடல் தொடக்கத்தில் பை போல இருக்கும் குடற்பகுதியில் வாழும் நுண்ணுயிர்கள். பென்சிலின், ஆம்பிசிலின், அமாக்சிசிலின் வகை மருந்துகள் அந்த நல்ல நுண்ணுயிர்களை அழித்துவிடுகின்றன. காலியான இடத்தில் குளோஸ்ட்ரிடியம் என்ற கிருமி பெருகி நஞ்சைச் சுரக்கிறது. சில நாட்களில் வயிற்றுப்போக்கு, பிறகு மரணம். கிளிண்டாமைசின், லின்கோமைசின் ஆகியவையும் இதே பட்டியலில் உள்ளவை. மனிதக் குழந்தைக்கும் நாய்க்கும் பழக்கமாகக் கொடுக்கிற மருந்து இந்த உயிரைக் கொல்லும் என்பதில் ஐயத்துக்கு இடமே இல்லை. கால்நடை மருத்துவர்கள் இதற்கு வேறு ஆன்டிபயாடிக்குகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். என்ரோஃபிளாக்சசின், டிரைமெத்தோபிரிம் கலந்த சல்ஃபா மருந்துகள் அவற்றில் சில. அவற்றையும் எடை பார்த்து அவர்தான் அளவு சொல்ல வேண்டும். கிருமியால் வந்த நோயா என்றே தெரியாத நிலையில் கிருமிக்கொல்லியைக் கையில் கொடுத்து அனுப்பும் கடைக்காரர்கள்மீது எனக்கு ஆற்றமாட்டாத கோபம் உண்டு. விற்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

இனி அறிகுறிகளுக்கு வருவோம். கினிப்பன்றியின் பூர்விகம் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைநாடு. அங்கே மக்கள் இறைச்சிக்காக அதைப் பல ஆயிரம் ஆண்டுகளாக வளர்த்துவருகிறார்கள். காட்டில் இருந்த அதன் முன்னோர்கள் பருந்துக்கும் நரிக்கும் இரையான கூட்டம். கூட்டத்தில் தளர்ந்து தெரிவதைத்தான் வேட்டையாடும் பிராணி குறிவைக்கும். ஆகவே உடம்பு முடியாமல் போனாலும் முடிந்தவரை மறைப்பது அதன் இயல்பாகிவிட்டது. நாய் வந்து மடியில் தலைவைத்துக் காட்டிக்கொடுக்கும், இது காட்டிக்கொடுக்காது. ரோமம் சிலிர்த்து மூலையில் உட்காரும் நிலை நம் கண்ணுக்குத் தெரியும்போது, நோய் தொடங்கிப் பல நாட்கள் ஆகியிருக்கலாம். நேற்று முதல் என்று நீங்கள் எழுதியதைப் படித்தவுடன் என் மனத்தில் பட்டது இதுதான்: உங்களுக்குத் தெரிந்தது நேற்று முதல்.

அப்படியானால் எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது? தராசைப் பார்த்து. விலங்குக் கூடத்தில் நான் கற்றவற்றில் இதற்கு மேலான பாடம் வேறில்லை. சமையலறையில் மாவு நிறுக்கும் எண் தராசு போதும். அதன்மேல் ஒரு கிண்ணத்தை வைத்து, எண்ணைச் சுழியாக்கி, விலங்கை உள்ளே விட்டால் எடை தெரிந்துவிடும். வளர்ந்த பெண் சுமார் 700 முதல் 900 கிராம், ஆண் 900 முதல் 1,200 கிராம்வரை இருக்கும். ஆனால் பொதுக் கணக்கைவிட உங்கள் விலங்கின் சொந்தக் கணக்குதான் முக்கியம். வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், காலைத் தீனிக்கு முன் நிறுத்து, நாள்காட்டியிலேயே எழுதிவையுங்கள். இருபது முப்பது கிராம் ஏறி இறங்குவது வயிறும் சிறுநீர்ப்பையும் நிறைந்து காலியாவதைப் பொறுத்தது. அதற்காகக் கவலைப்பட வேண்டாம். ஒரு வாரத்தில் ஐம்பது கிராம் குறைந்தால் தினமும் நிறுக்கத் தொடங்குங்கள். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், அது துள்ளி ஓடிக்கொண்டிருந்தாலும் மருத்துவரிடம் போங்கள். அடர்ந்த ரோமத்துக்குள் இளைப்பு கண்ணுக்குத் தெரியாது. முதுகெலும்பு விரலில் தட்டுப்படும்போது காலம் கடந்திருக்கும்.

தராசுக்கு அடுத்தது தீனி நேரம். காலையில் தீவன வாளியின் கைப்பிடி சத்தம் கேட்டவுடன் கூடம் முழுக்க 'வீக் வீக்' என்று விசில் கிளம்பும். கூண்டுக் கம்பியில் முன்கால் வைத்து எழுந்து நிற்கும். ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அந்த ஆரவாரத்தில் சத்தம் போடாமல் இருப்பது எது, எழுந்தும் முன்னே வராதது எது என்று பார்ப்போம். அதைத்தான் முதலில் கையில் எடுப்போம். உங்கள் வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் கதவு திறக்கும் சத்தமோ கொத்தமல்லிக் கட்டைப் பிரிக்கும் சரசரப்போ அந்த வாளிச் சத்தத்தின் வேலையைச் செய்யும். வழக்கமாகக் கூவுகிற விலங்கு ஒரு வேளை கூவவில்லை என்றால் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு வேளை கூவவில்லை என்றால் ஏதோ கோளாறு.

கினிப்பன்றியின் குடல் இடைவிடாமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டிய குடல். அரை நாள் எதுவும் தின்னாவிட்டால் ஓட்டம் மந்தமாகி, வாயு சேர்ந்து, வலி வந்து, அந்த வலியால் மேலும் தின்னாமல் போகும். ஒரு நாளைத் தாண்டினால் உடம்புக் கொழுப்பு கரைந்து கல்லீரலைப் பாதிக்கத் தொடங்கும். நாய் ஒரு நாள் சாப்பிடாவிட்டால் வயிற்றுக்கு ஓய்வு என்று விட்டுவிடலாம். இங்கே அந்த எண்ணமே ஆபத்து. ஆகவேதான் திங்கள்வரை பொறுக்காதீர்கள் என்றேன்.

தீனி உள்ளே போகிறதா என்பதை வெளியே வரும் புழுக்கை சொல்லும். நல்ல புழுக்கை அவரைவிதை வடிவில், ஒரே அளவில், ஈரம் அதிகம் இல்லாமல் இருக்கும். ஒரு நாளில் நூறு புழுக்கைகூடப் போடும். அளவு சிறுத்து, ஒரு முனை கூராகி, எண்ணிக்கை குறைந்தால் விலங்கு தின்பது குறைந்துவிட்டது என்று அர்த்தம். மென்மையாகி ஒட்டிக்கொண்டால் குடலில் கோளாறு. தண்ணீராய்ப் போனால் அன்றே ஓட வேண்டும். இரண்டையும் ஒரே கூண்டில் வைத்திருப்பதால் எது யாருடையது என்று உங்களுக்குத் தெரியாது. நடுவே ஒரு கம்பித் தடுப்பு வைத்து, இரண்டு பக்கமும் பழைய செய்தித்தாள் விரியுங்கள். ஒன்றையொன்று பார்த்துக்கொண்டும் மோந்துகொண்டும் இருக்கட்டும். முழுக்கப் பிரித்தால் ஏக்கத்தில் மேலும் தின்னாது.

உங்கள் கேள்வியில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு செய்தி என் கண்ணில் பட்டது: தீனி வெள்ளரிக்காய், கேரட், கடையில் சில்லறையாக நிறுத்து வாங்கும் முயல் தீவனம். கினிப்பன்றியின் உடல், நம் உடலைப் போலவே, வைட்டமின் சியைத் தானாக உண்டாக்கிக்கொள்ளாது. முயல் உண்டாக்கிக்கொள்ளும். ஆகவே முயல் தீவனத்தில் அதைச் சேர்க்க வேண்டிய தேவை தயாரிப்பவருக்கு இல்லை. வெள்ளரியில் அது மிகக் குறைவு, கேரட்டிலும் குறைவு. தினமும் ஒரு கிலோ உடல் எடைக்கு 10 முதல் 30 மில்லிகிராம் தேவை. அது கிடைக்காவிட்டால் இரண்டு மூன்று வாரங்களிலேயே ஸ்கர்வி தலைகாட்டும்: ரோமம் முரடாகும், நடக்கத் தயங்கும், மூட்டுகள் வீங்கும், ஈறில் இரத்தம் கசியும், தொட்டால் வலியில் கீச்சிடும். 1907இல் நார்வே நாட்டில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற இருவர் பெரிபெரி நோயை ஆராய்வதற்காகக் கினிப்பன்றிகளுக்குத் தானிய உணவு மட்டும் கொடுத்துவந்தபோது அவற்றுக்கு ஸ்கர்வி வந்தது. மனிதரின் ஸ்கர்வி உணவுக் குறையால் வருவது என்று நிறுவ இந்தச் சிற்றுயிர்தான் உதவியது. அந்தத் தானிய உணவுக்கும் உங்கள் வீட்டு உணவுக்கும் இந்த ஒரு விஷயத்தில் அதிக தூரமில்லை.

உங்கள் விலங்குக்கு ஸ்கர்விதான் என்று நான் சொல்லவில்லை. தூக்கினால் கீச்சிடுவது மூட்டு வலியால் இருக்கலாம்; வயிற்று வாயுவாலும் இருக்கலாம்; சிறுநீர்க் கல்லாகவும் இருக்கலாம். ஆனால் தீனியில் குறை இருப்பது உறுதி, அதை இன்றே நிவர்த்தி செய்யலாம். நூறு கிராம் கொய்யாவில் சுமார் 200 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது. கட்டைவிரல் நுனி அளவுத் துண்டு, பத்துப் பதினைந்து கிராம், ஒரு நாளுக்குப் போதும். குடைமிளகாய் நல்லது. பெருநெல்லியில் மிகுதியாக உண்டு, ஆனால் புளிப்புக்கு முகம் சுளிக்கும் விலங்குகள் பல. கொத்தமல்லித் தழை பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் பிடிக்கும். தண்ணீரில் வைட்டமின் சொட்டு மருந்து கலப்பது வீண். வெளிச்சத்திலும் சூட்டிலும் சீக்கிரம் சிதைந்துவிடும், சுவை பிடிக்காமல் தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொள்ளும். கினிப்பன்றிக்கென்றே விற்கும் தீவனத்திலும், தயாரித்து மூன்று மாதம் ஆகிவிட்டால் வைட்டமினை நம்ப முடியாது. நம் ஊர்ச் சூட்டில் வாய் திறந்த மூட்டையில் கிடந்தால் அதற்கும் முன்பே போய்விடும்.

தினசரித் தீனியின் பெரும்பகுதி புல்லாக இருக்க வேண்டும். அருகம்புல், கினியாப்புல், மாட்டுக்காரர்கள் வளர்க்கும் கோ-4 தீவனப்புல்லின் இளந்தழை எல்லாம் ஆகும். வைக்கோல் கொறிக்கவும் படுக்கவும் சரி, சத்துக்கு உதவாது. களைக்கொல்லி தெளித்த வரப்புப் புல்லும், வாலாஜா, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவு ஓடிய ஓடைக்கரைப் புல்லும் வேண்டவே வேண்டாம்.

வெயிலைப் பற்றிக் கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை உண்டு. குளிர்ந்த மலைநாட்டில் தோன்றிய உயிர் இது. 18 முதல் 24 டிகிரி செல்சியஸ் அதற்கு இதம். 30ஐத் தாண்டினால் தடுமாறும். அக்னி நட்சத்திரத்தில் வேலூரில் 40 டிகிரிக்கு மேல் போவது நமக்குப் புதிதில்லை. சுற்றிலும் பாறைக் குன்றுகள் பகல் முழுக்கச் சூடேறி இரவிலும் அனலைக் கக்கும். கினிப்பன்றிக்கு வியர்க்காது. மின்விசிறி மட்டும் போட்டால் அதன்மேல் அனல் காற்றுதான் வீசும். ஈரச் சாக்கைக் கூண்டின் ஒரு பக்கம் தொங்கவிட்டு, அதன் வழியாகக் காற்று வரவேண்டும். குளிர்ந்த தரை ஓடு ஒன்றும் உள்ளே கிடக்கட்டும். ஆனால் வெப்பத்தாக்கு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள்: உடம்பை நீட்டித் தரையோடு தரையாய்க் கிடக்கும், மூச்சு இரைக்கும், எச்சில் வடியும், காது தொட்டால் கொதிக்கும். ரோமத்தைச் சிலிர்த்துச் சுருண்டு உட்காருவது அதற்கு நேர்மாறான நிலை; வலியோ குளிரோ உள்ள விலங்கின் நிலை. ஆகவே உங்கள் விலங்கின் கோலத்துக்கு வெயில் மட்டும் காரணம் என்பதை நான் ஏற்கவில்லை. வெப்பத்தாக்கு வந்தால் காதுகளையும் பாதங்களையும் சாதாரணக் குளிர்ந்த நீரால் நனைத்து, காற்றாட வைத்து, உடனே எடுத்துச் செல்லுங்கள். ஐஸ் நீரில் முக்கினால் அதிர்ச்சியில் போய்விடும்.

மூச்சைக் கவனிக்கப் பழகுங்கள். நலமாக, அமைதியாக இருக்கும்போது நிமிடத்துக்கு 40 முதல் 100வரை மூச்சு விடும். பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். எண்ணிக்கையைவிட முயற்சிதான் முக்கியம். விலா உள்வாங்கி ஏறி இறங்கினாலோ, வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, காதருகே வைத்தால் கிளிக் கிளிக் என்றோ கரகர என்றோ கேட்டாலோ அது நிமோனியாவாக இருக்கலாம். இதய நோயிலும் இதே சத்தம் வரும். வெளியிலிருந்து இரண்டையும் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது, எக்ஸ்ரே வேண்டும். எப்போதாவது ஒரு தும்மல் தூசியால். தும்மலோடு கண் ஓரத்தில் பொருக்கும் மூக்கில் சளியும் இருந்தால் நோய். போர்டெட்டெல்லா என்ற கிருமி முயலிலும் நாயிலும் தொல்லையே தராமல் ஒளிந்திருந்து, கினிப்பன்றிக்குத் தாவி நுரையீரலைத் தாக்கும். ஆகவே முயலோடு ஒரே கூண்டில் விடுவது கூடாது. ராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்கும் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையத்தில் ஆடு, மாடு, கோழிகளுக்குத் தடுப்பூசி தயாராகிறது. கினிப்பன்றிக்கென வழக்கமாகப் போடும் தடுப்பூசி எங்குமே கிடையாது. 'தடுப்பூசி போட்டாயிற்று' என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள்.

பல் நோய்தான் பலரை ஏமாற்றுவது. கினிப்பன்றிக்கு இருபது பற்கள். இருபதும் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லை அரைத்து அரைத்துத் தேய்த்துக்கொள்ளாவிட்டால் கடைவாய்ப்பற்கள் உள்பக்கமாகச் சாய்ந்து நாக்கின்மேல் பாலம் கட்டிவிடும். அப்படிப்பட்ட விலங்கு பசியோடு தட்டுக்கு ஓடி வரும். ஒரு துண்டைக் கவ்வும், தலையைச் சாய்த்து நாக்கால் புரட்டிப் புரட்டிப் பார்க்கும், நனைந்த துண்டு அப்படியே கீழே விழும், மறுபடி கவ்வும். மோவாயின் கீழே ரோமம் ஈரமாகக் கற்றை கற்றையாக ஒட்டியிருக்கும். வீட்டில் உள்ளவர்கள் 'தின்கிறதே, தட்டை விட்டு நகரவில்லையே' என்பார்கள். தராசோ வாராவாரம் இறங்கிக்கொண்டிருக்கும். கடினமான குச்சியை விட்டு மென்மையான வெள்ளரியை மட்டும் கடித்தது என்று நீங்கள் எழுதியதால் இதையும் மனத்தில் வைக்கிறேன். முன்பற்கள் ஒழுங்காக இருப்பதைக் கண்டு நிம்மதி அடைய முடியாது. கடைவாயைப் பார்க்க மருத்துவரின் கருவி வேண்டும், பல நேரம் மயக்க மருந்தும் வேண்டும்.

தோலில் இரண்டைச் சொல்கிறேன். ரோமம் உதிர்ந்து, தோல் தடித்து, பித்துப் பிடித்ததுபோல் சொறிந்துகொண்டால் அது கண்ணுக்குத் தெரியாத சொறிப்பூச்சி. அரிப்பின் உச்சத்தில் வலிப்பே வரும். பார்ப்பவர்கள் மூளைக் காய்ச்சல் என்று பயந்துவிடுவார்கள். மருத்துவர் கொடுக்கும் ஐவர்மெக்டின் போன்ற மருந்தில் நன்றாகக் குணமாகும். மூக்கு, கண், காது ஓரங்களில் வட்டமாக முடி கொட்டிச் செதிலாக இருந்தால் படர்தாமரை. இது உங்கள் மகளுக்கும் ஒட்டிக்கொள்ளும், தூக்கினால் கையை சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். வேப்பெண்ணெய் தடவுவதும், நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைப் போடுவதும் வேண்டாம். தடவியதையெல்லாம் இது நக்கிவிடும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிறுநீர் கழிக்கும்போது முதுகைக் கூனிக் கீச்சிட்டாலோ இரத்தம் தெரிந்தாலோ கல் இருக்கலாம். பாதத்தின் அடியில் சிவந்து வீங்கினால் கம்பித் தரையும் ஈரப் படுக்கையும் காரணம். கோழிக் கூண்டை அப்படியே கினிப்பன்றிக்கு விற்பதால் வரும் வினை இது. கழுத்துக்கு அடியில் கட்டி என்றால் பெரும்பாலும் சீழ். வயதான பெண்ணுக்கு இரு விலாவிலும் சமமாக முடி கொட்டினால் சூலகத்தில் நீர்க்கட்டி இருக்க வாய்ப்பு அதிகம். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டால் காதின் உள்ளே தொற்று என்று ஐயப்பட வேண்டும். உங்கள் இரண்டும் பெண்கள்தான் என்று கடைக்காரர் சொன்னதை வைத்து மட்டும் நம்பாமல், மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். சினைக்காலம் 59 முதல் 72 நாள். ஏழு மாதத்துக்கு மேல் முதல் சினை என்றால் இடுப்பெலும்பு இறுகிவிட்டிருக்கும், ஈன முடியாமல் தாய் இறந்துபோகும் ஆபத்து பெரிது. சினையின் கடைசி நாட்களில் கொழுத்த தாய் திடீரெனத் தீனியை நிறுத்துவதும் உயிர்போகும் நிலைதான்.

நோயில்லாததை நோய் என்று எண்ணி அலைபவர்களும் உண்டு. முகம் கழுவும் நேரத்தில் கண்ணிலிருந்து பால்போல ஒரு துளி வரும், அது இயல்பு. சிறுநீர் கலங்கலாக இருந்து, காய்ந்தபின் வெள்ளையாகப் படிவதும் இயல்பு. காதின் பின்னே இரு புறமும் முடியில்லாத சிறு இடம் பிறவியிலேயே உண்டு. தன் புழுக்கையையே குனிந்து எடுத்துத் தின்னும். தடுக்காதீர்கள், அதில் அதற்கு வேண்டிய பி வைட்டமின்கள் இருக்கின்றன. நின்ற இடத்திலேயே திடீரென நாலு காலும் மேலெழத் துள்ளினால் வலிப்பு இல்லை, மகிழ்ச்சி. துள்ளியபின் உடனே ஓடினால் மகிழ்ச்சி. பக்கவாட்டில் விழுந்து கால் உதைத்தால் வலிப்பு.

இன்றிரவு செய்ய வேண்டியவை. முதலில் எடையை நிறுத்து எழுதுங்கள். வயிற்றை இரு பக்கமும் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். பறைபோல இறுகி உப்பியிருந்தாலோ, மூச்சுத் திணறினாலோ, தலை தூக்க முடியாமல் கிடந்தாலோ வாயில் எதையும் புகட்டாதீர்கள். இரவென்று பாராமல் மருத்துவரைத் தேட வேண்டிய நேரம் அது. வயிறு மென்மையாக இருந்தால், தீவனக் குச்சியை வெந்நீரில் ஊறவைத்து, ஆறியபின் மசித்து, கொஞ்சம் கொய்யாச் சதை கலந்து, ஊசி கழற்றிய சிரிஞ்சில் எடுங்கள். மடியில் துண்டு விரித்து, குப்புற உட்கார்ந்த நிலையிலேயே, வாயின் பக்கவாட்டில், முன்பற்களுக்குப் பின்னே உள்ள இடைவெளியில் அரை மில்லி விட்டு, மென்று விழுங்கும்வரை காத்திருங்கள். மல்லாத்திப் பிடித்தால் நுரையீரலுக்குள் போய்விடும். ஒரு தடவைக்கு 5 முதல் 10 மில்லி, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை. தண்ணீரும் அப்படியே. வழக்கமாக ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளில் சுமார் 100 மில்லி தண்ணீர் குடிக்கும் உயிர் இது. பால், ரொட்டி, சோறு, பூண்டுச் சாறு, பாராசிட்டமால் எதுவும் கூடாது. உடல் வெப்பம் 37.2 முதல் 39.5 டிகிரிக்குள் இருப்பது இயல்பு, ஆனால் ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பார்க்க வீட்டில் முயல வேண்டாம், காயமாகும். காதையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் துணி சுற்றிய வெதுவெதுப்பான நீர்ப் புட்டி ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள்.

இப்போதே தொலைபேசியில் கேட்கத் தொடங்குங்கள். நம் மாவட்டத்தில் கால்நடை மருத்துவர்கள் பெரும்பாலும் மாடு, ஆடு, நாய் பார்ப்பவர்கள். அது அவர்கள் குறை இல்லை, கினிப்பன்றியைக் கொண்டுவருவோர் அவ்வளவு குறைவு. ஆகவே 'கினிப்பன்றி பார்ப்பீர்களா, நாளை ஞாயிறு யார் இருப்பார்கள்' என்று நேரடியாகக் கேளுங்கள். ஒருவர் இல்லை என்றால் யாரிடம் அனுப்புவார் என்றும் கேளுங்கள். இங்கே முடியாவிட்டால் சென்னை வேப்பேரியில் 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. அங்கும் புறப்படும் முன் நேரம் விசாரித்துக்கொள்ளுங்கள். காட்பாடியிலிருந்து அதிகாலை ரயிலில் போனால் வெயிலுக்கு முன் சேரலாம். காற்றோட்டமுள்ள பெட்டியில் புல் நிரப்பி, முடிந்தால் இரண்டையும் சேர்த்தே கொண்டுபோங்கள். ஸ்கூட்டரில் பையில் போட்டு வெயிலில் கொண்டுபோக வேண்டாம். இன்றைய புழுக்கையைச் சிறு டப்பாவில், தீவனத்தில் ஒரு பிடியை உறையில், அது உட்கார்ந்திருப்பதையும் தின்ன முயல்வதையும் கைப்பேசியில் வீடியோவாக எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் மேசையில் பயத்தால் எல்லா விலங்கும் நிமிர்ந்து நிற்கும். வீட்டில் அது எப்படி இருந்தது என்பதை வீடியோதான் காட்டும். அமாக்சிசிலின் ஏற்கெனவே ஒரு வேளை கொடுத்துவிட்டிருந்தால் தயங்காமல் அதையும் சொல்லுங்கள்.

இளையதைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. அதுவும் அதே வெள்ளரியையும் அதே முயல் தீவனத்தையும்தான் தின்றுவருகிறது. அதையும் இன்றிரவே நிறுத்து எழுதுங்கள், கீழ்த்தாடை ஈரமாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், கொய்யாவை நாளைக் காலையிலிருந்து அதற்கும் தொடங்குங்கள். மருத்துவர் என்ன சொன்னார், இரண்டின் எடையும் எவ்வளவு என்று இதன் கீழேயே எழுதுங்கள். வேளாவேளைக்குப் பார்த்துப் பதில் சொல்கிறேன்.